எங்கள் வீட்டு வயர்

பெப்ரவரி 4, செவ்வாய்

பனி. காலையிலிருந்து ஓயவில்லை. பேனை நன்றாக ஓடுகிறது. எழுபது வயதுக்கு மேல் என் எழுத்தை நானே வாசிக்கிறேன்! போன குளிர்காலம் மருமகள் சாந்தி எழுத்துச் சொல்லித் தந்தாள். இந்தக் குளிர்காலம் யாரையும் கேளாமல் எழுதுகிறேன். இனி சாந்தியை சா. என்று எழுதினால் கைக்கு ஆறுதல்.

இன்று செய்தவை: அரிசி களைந்தது. சன்னலில் பனி சுரண்டியது. கூட்டத்துக்குப் போனது.

வாடகைக்கு இருப்பவர்களின் கூட்டம் கீழே, உடுப்புத் தோய்க்கும் அறையில். கட்டடச் சொந்தக்காரர் கூரையில் அன்ரெனா பூட்டியிருக்கிறார். வாடகைக்கு மேல் மாதாமாதம் வீட்டுக்கு வீடு ரீவி லைசன்ஸ் காசாம். அரசாங்கமே கேட்காத காசு. ஒருவரும் கட்டுவதில்லை என்று முடிவு. எங்கள் மாடிக்குப் பொறுப்பு சா. கட்டாத வீடுகளின் வயரைக் கழற்றுவார்களாம். கழற்றட்டும் என்று எல்லாரும் சத்தம். எதிர்வீட்டு ஜீனோ, இத்தாலிக்காரர், என் வயது, சலவை மெசினில் கையால் அடித்து "நோ பே! நோ பே!" நானும் அடித்தேன். மெசின் பறை மாதிரி நல்ல சத்தம்.

ஜீனோவும் நானும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு ரீவியில் குஸ்தி பார்ப்பவர்கள். அவருக்குத் தமிழ் இல்லை, எனக்கு இத்தாலி இல்லை, இருவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. குஸ்திக்கு அது போதும்.

பெப்ரவரி 6, வியாழன்

நேற்றையைவிடக் குளிர் கூட. மகனும் சா.வும் வேலைக்கு. கதவு தட்டும் சத்தம். ஸ்டான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போலந்துக்காரர். கையில் ரசீதுப் புத்தகம். "நோ பே" என்றேன். இது தன் எண்ணமில்லை என்பதுபோலத் தோளைக் குலுக்கினார். சப்பாத்தெல்லாம் பனி, மூக்குச் சிவப்பு. வாசலுக்கு வந்த மனிதனை எப்படி அப்படியே அனுப்புவது? உள்ளே கூப்பிட்டேன். இஞ்சி போட்டு, தகரத்தைத் திறந்து ரின்பால் விட்டுத் தேநீர். இன்னொரு கோப்பையும் கேட்டுக் குடித்தார்.

பின்னேரம் சா. வந்ததும்:

"மாமா, ஸ்டானை உள்ள விட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை. தேத்தண்ணி குடுத்தனான்."

"காசு?"

"காசு ஏன் குடுக்கிறன்? நோ பே எண்டு சொல்லிப்போட்டுத்தான் தேத்தண்ணி."

"ஜீனோ பாத்தவராம். ஸ்டான் வாயைத் துடைச்சுச் சிரிச்சுக்கொண்டு போறார், உங்கட வீடு கட்டிப்போட்டுதோ எண்டு என்னட்டக் கேக்கினம்."

மகன்: "அப்பு, சண்டைக்குள்ள எதிரியின்ர ஆளுக்கு விருந்து வைச்ச ஆள் நீங்கள்தான்!" சிரித்தான். சா. சிரிக்கவில்லை.

பெப்ரவரி 8, சனி

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். ஸ்டான் மாடி மாடியாக வயர்ப் பெட்டியைத் திறந்து கழற்றினார். எல்லா வீட்டிலும் படம் நின்றதாம்.

குஸ்தி நேரம் வந்ததும் கை தன்பாட்டில் ரீவியைத் திருகியது. படம்! பளிச்சென்று! மொட்டைத்தலையன் எதிராளியைத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே எறிந்தான். கத்திவிட்டேன். பிறகுதான் யோசனை: எங்களுக்கு மட்டும் எப்படி?

அதற்குள் கதவில் ஜீனோ. என்னைப் பார்க்கவில்லை, ரீவியைப் பார்த்தார். "யூ பே" என்றார், மெதுவாக. திரும்பிப் போய்த் தன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

ஸ்டான் தேநீருக்குச் செய்த கைமாறு. நல்ல எண்ணம்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பருப்பு அடிப்பிடித்தது. என் பிழை.

சா. ஒவ்வொரு கதவாகப் போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"படம் வருதுதானே, பிறகென்ன கதை எண்டு கேக்கினம் மாமா. பொறுப்பா நிக்கிற வீடே கட்டினா நாங்களும் கட்டுறம் எண்டு ரெண்டு வீடு சொல்லிப்போட்டுது. நான் இனி எந்த முகத்தோட கதவு தட்டுறது?"

மகன்: "ரீவியைப் போடாம விட்டாச் சரி."

சரியில்லை. அது ஒளிப்பது.

நாள் முழுக்க யோசனை. சண்டை சொந்தக்காரரோடு. ஸ்டானோடு இல்லை. ஆனால் சொந்தக்காரர் வருவதில்லை, ஸ்டான்தான் வருகிறார், குளிரில். தேநீர் கொடுத்தது பிழையென்று இப்போதும் தோன்றவில்லை. கதவைச் சாத்திவைத்துக் கொடுத்ததுதான் பிழை.

பெப்ரவரி 11, செவ்வாய்

எல்லாரும் வேலையால் வந்த பிறகு கதவுக்கு வெளியே நடையில், வயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தவை: கதிரை, சின்ன மேசை, கேத்தில், வீட்டில் உள்ள கோப்பை அவ்வளவும்.

"நடையில கடை போடப் போறியளோ மாமா?"

"ஓம். ஸ்டானைக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை."

ஸ்டான் வந்து இருந்தார். ஊற்றினேன். கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. பெட்டியைக் காட்டி, இரு விரலால் கத்தரித்துக் காட்டி, "மை வயர். கட்" என்றேன்.

ஸ்டான் கோப்பையைக் கீழே வைத்தார். "நோ, நோ. யூ மை ஃபிரண்ட்."

நடை முழுக்கக் கேட்டது. காது சுட்டது. ஜீனோவின் கதவைக் காட்டினேன். "ஹிம் ஃபிரண்ட் ஆல்சோ. கட்."

சா. இங்கிலீஷில் உரத்துக் கேட்டாள், இந்த வீடு காசு கட்டியதா என்று. ஸ்டான் ரசீதுப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி விரித்தார். எல்லாம் வெள்ளைத் தாள். இந்த மாடியில் ஒருவரும் கட்டவில்லை, கிழவர் தேநீருக்கு முதலே மாட்டேன் என்றுவிட்டார் என்றாராம். பிறகு திருகாணியைக் கழற்றினார். வயரைக் கழற்றச் சொல்லிக் கேட்ட ஆளை இன்றுதான் கண்டாராம்.

ரீவியைப் போட்டு, கதவை அகலத் திறந்துவைத்தேன். ஒரே புள்ளியும் இரைச்சலும். ஜீனோ உள்ளே வந்து அதை வெகுநேரம் பார்த்தார், நல்ல படம் பார்ப்பதுபோல. பிறகு நடைக்குப் போய்த் தானே ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார்.

பெப்ரவரி 15, சனி

மறுபடி பனி. கட்டப் போவதாகச் சொன்ன இரண்டு வீடும் கட்டவில்லை. சொந்தக்காரரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. ரீவியில் இன்னும் இரைச்சல்தான்.

குஸ்தி நேரம். ஜீனோ வந்து தன் இடத்தில் இருக்கிறார். போன சனி மொட்டைத்தலையன் என்ன செய்தான் என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் சொல் இல்லை, செய்துதான் காட்டவேண்டும். சா. மேசையை ஓரமாக இழுக்கிறாள். "மெதுவா மாமா, இடுப்பு!"

முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவேண்டும்.