தந்தை வேடத்தின் முதல் மாலை

ரோட்டன்ஃபெல்ட்
14 மார்ச் 1874

அன்பு மகன் ஹார்ட்விக்குக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உனக்கு இருமல் குறைந்ததா? கப்பல் பட்டறையில் குளிர் அதிகம் என்கிறாய். நான் அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே.

இந்த முறை செய்தி உன் அப்பாவைப் பற்றியது. முப்பது வருடமாக இந்த அரண்மனை நாடக அரங்கில் காதலன் வேடம் என்றால் அவர்தான். ஜனவரியில் நிர்வாகியிடமிருந்து கடிதம் வந்தது. இனி தந்தை வேடம். பொருந்தினால் ஆயுள் முழுக்க வேலை, பொருந்தாவிட்டால் கோடையோடு சரி. இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. "நாப்பத்தொம்பது ஒரு வயசா, ஒட்டிலி?" என்றார். "வயசில்லைதான். ஆனா உங்க வயித்துப் பட்டையை இழுத்துக் கட்டுறவ நான்" என்றேன். சிரித்துவிட்டார்.

போன சனிக்கிழமை மாலை, தந்தை வேடத்தில் அவருக்கு முதல் நாடகம். வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வரும் அந்தப் பழைய நாடகம்தான். பத்தொன்பது வருடம் அதில் மகனாக நடித்தவர் இப்போது தந்தை. மகன் வேடத்தில் புதிதாக வந்த நடிகன் பிரெய்டன். கடைசிக் காட்சியில் வேலைக்காரன் கதவைத் திறந்து, "யாரோ வந்திருக்காங்க, ஐயா" என்பான். அதைக் கேட்டதும் ஓடிவந்து மண்டியிடுவது உன் அப்பாவின் கால்களுக்குப் பழக்கம். நாற்காலியில் சாய்ந்திருந்த கிழத் தந்தை துள்ளி எழுந்து ஓடி, வாசலில் நின்ற பிரெய்டன் முன்னால் மண்டியிட்டு, "அப்பா, என்னை மன்னிச்சிடுங்க" என்றார்!

வசனம் எடுத்துக்கொடுக்கும் ஸ்டெங்கல் அம்மாள் மேடைக்கடியிலிருந்து, "ஐயோ, நீங்கதான் அப்பா! நீங்கதான் அப்பா!" என்று போட்ட சத்தம் என் வரிசை வரை கேட்டது. பிரெய்டன் திறந்த வாயை மூடவில்லை. பிரபு சிரிக்காமல் இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். எல்லாத் தலைகளும் அவர் மாடத்தை நோக்கித் திரும்பின. கோடைக்குப் பிறகு எந்த ஊரில் போய் வேலை தேடுவது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்பா எழவில்லை. மண்டியிட்டபடியே, மெதுவாக, "வாய் தவறிச் சொல்லலை மகனே. நீ போனதுக்கு என் வாய்தான் காரணம். மன்னிப்பு கேக்க வேண்டியவன் நான்தான்" என்றார்.

அந்த நாடகத்தின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம், ஹார்ட்விக். அதில் இப்படி ஒரு வரி இல்லை.

பிரபு எழுந்து நின்று கைதட்டினார். திங்கட்கிழமை ஆயுள் ஒப்பந்தம் வந்துவிட்டது. இனி எப்போதும் இப்படியே நடிக்க வேண்டும் என்ற உத்தரவோடு. "முட்டி என்ன ஆகும்னு பிரபுகிட்ட யாரு கேக்கறது?" என்று முனகிக்கொண்டே தைலம் தேய்த்துக்கொள்கிறார். ஆனால் இரண்டாம் தட்டு சூப் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நீ மேடை ஏற மாட்டேன் என்ற அன்று, "நீ என் பிள்ளையே இல்லை" என்று அவர் சொன்னதை நாங்கள் இருவரும் பேசுவதே இல்லை. நேற்று, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஹாம்பர்க்கிலிருந்து இங்கே வர ரயிலில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டார். நீ போன இந்த இரண்டு வருடத்தில் நீ இருக்கும் ஊரின் பெயரை அவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஈஸ்டர் ஞாயிறன்று மதியச் சாப்பாட்டுக்கு வா, கண்ணே. அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்காதே. வீட்டில் அவருக்கு வசனம் எடுத்துக்கொடுக்க ஆளில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, அது போதும். கடவுள் உன்னை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அம்மா ஒட்டிலி