பச்சைக் கூரைக்குக் கீழே

மாப்ளே,

டாலிகஞ்சில் பாய் தன் டீக்கடைக்கு முன்னால் புதிதாகக் கூரை இறக்கியிருக்கிறார். இன்று மதியம் டீக்குக் கை நீட்டினேன். என் கை பச்சையாக இருந்தது. டம்ளர், பெஞ்சில் கிடந்த பேப்பர், பாயின் வெள்ளைத் தாடி எல்லாமே பச்சை. அண்ணாந்து பார்த்தேன். அதே பைபர் ஷீட். நீ ஆணி அடித்தபோது ஓரத்தில் விழுந்த விரிசல்கூட அப்படியே இருக்கிறது.

"கவர்மென்ட் ஏலத்துல எடுத்தேன் சார். நல்ல சாமான், சல்லிசா வந்துச்சு. கண்ணுக்குக் குளுமையா இருக்குல்ல?" என்றார் பாய்.

டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

அந்த ஷீட்டுகள் மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்குக் கப்பலில் வந்து இறங்கிய வாரம் உனக்கு நினைவிருக்கும். சிப்பிகாட் தாண்டி, சரிவில் இருந்த நம் ஆபீஸ் கிராம்பு நாற்றங்கால். தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் நாற்று நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. கீற்று அசிங்கமாக இருக்கிறது என்று நம் அதிகாரிக்குத் தோன்றிவிட்டது. "பச்சைச் செடிக்குப் பச்சைக் கூரை. கியா பாத் ஹை!" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு நின்றார்.

நீ பணிவாகத்தான் சொன்னாய். "சார், வெளிச்சத்துல சிவப்பையும் நீலத்தையும்தான் இலை நல்லா எடுத்துக்கும். பச்சையைப் பெரும்பாலும் விட்டுரும். விட்டது நம்ம கண்ணுக்கு வர்றதாலதான் இலை பச்சையாத் தெரியுது. இந்த ஷீட்டு அதுக்கு வேண்டியதை மேலேயே நிறுத்திட்டு, வேண்டாததை உள்ள விடும் சார்."

பிறகு மிட்டாய் சுற்றிவந்த சிவப்புக் கண்ணாடித்தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, "இதைக் கண்ணுல வச்சு இலையைப் பாருங்க சார்" என்று நீட்டினாய். அவர் வாங்கவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். இலை கரித்துண்டு மாதிரி இருந்தது. "தாள் வழியா சிவப்பு மட்டும்தான் வரும் மச்சான். இலை அதை மொத்தமா முழுங்கிட்டுது, நம்ம பக்கம் திருப்பி அனுப்ப ஒண்ணும் மிச்சமில்ல" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அரே பாபு, காலேஜ் பாடமெல்லாம் இங்க வேணாம். ஷீட்டைப் போடுங்க" என்றார் அவர்.

போட்டாய். நீ தற்காலிக ஊழியன். வீட்டில் என் தங்கை உண்டாகியிருந்தாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. வானமே மங்கல், அதற்குக் கீழே அந்தக் கூரை. நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு, வெளுத்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. நீ நனைந்துகொண்டு வந்து குவார்ட்டர்ஸ் வாசற்படியில் உட்காருவாய். "பட்டினி போட்டுக் கொல்றோம் மச்சான். தட்டு நிறைய வச்சிருக்கோம், ஆனா அது திங்கிற சோறு இல்ல." கழற்றிவிடலாமா என்று அதிகாரியிடம் எத்தனை முறை போய்க் கேட்டாய்! இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், அதுவரை கூரையைத் தொடாதே என்றார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் பார்த்தது செத்த நாற்றை.

விசாரணைக்குப் பஸ்ஸில் போகும்போது உன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "தெரியாதுன்னு சொல்லிடு மாப்ளே. தெரியாம நடந்துபோச்சுன்னா திட்டிட்டு விட்டுருவாங்க."

"பச்சை இலை ஏன் பச்சையா இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லவா? எனக்குப் பாஸ் மார்க் போட்ட வாத்தியார் தூக்குல தொங்கிருவார் மச்சான்" என்று சிரித்தாய்.

உள்ளே ஒரே கேள்விதான் கேட்டார்கள். இந்தக் கூரை நாற்றைக் கெடுக்கும் என்று தெரியுமா? "தெரியும் சார்." தெரிந்தும் ஏன் போட்டாய்? போடச் சொன்னவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டதற்கு, நீ எதுவும் சொன்னதாக ஞாபகமில்லை என்றார். நீ எச்சரித்ததை என் காதால் கேட்டேன் என்று நான் எழுந்து சொன்னேன். "நீ அவனுக்கு மச்சான்தானே?" என்று கையமர்த்திவிட்டார்கள். உனக்குத் தெரிந்திருந்ததே உன் குற்றம் ஆயிற்று.

தெற்கே எங்கோ கிடக்கும் கட்சால் தீவுக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே உனக்குக் காய்ச்சல் கண்டபோது வரவேண்டிய கப்பல், கடல் சரியில்லை என்று வரவில்லை. வயர்லெஸ்ஸில் வந்த சேதியை என்னைத்தான் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதை என் தங்கையிடம் சொன்னவனும் நான்தான். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறியபோது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பித்தானே உன்னைக் கட்டிக்கொண்டாள்!

அந்த அதிகாரி போன வருஷம் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் மாலைத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். ஏந்திக்கொண்டு நின்றேன். அவரை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் அதைவிடப் பெரியது. ஒரு வார்த்தை, மாப்ளே. ஒரு பொய் வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாய். அந்த வார்த்தையை உனக்குப் பதிலாக நான் பழகிக்கொண்டேன். ஆபீசில் எதைக் கேட்டாலும் தெரியாது சார். பதவி உயர்வுகூட வந்துவிட்டது.

எழுந்து கிளம்பப்போனேன். பாய் கூரைக்கடியில் இருந்த டால்டா டின்னைக் காட்டினார். உள்ளே புதினா, நூல் நூலாக நீண்டு வெளிறிக் கிடந்தது.

"மழைக்கு அழுகிரும்னு உள்ள வச்சேன். தண்ணி ஊத்துறேன், சாணி போடுறேன், ஒண்ணும் தேற மாட்டேங்குது. நீங்க விவசாய ஆபீஸ்தானே, ஏன் சார் இப்படி ஆவுது?"

நீ சொன்னது அத்தனையும் என் தொண்டைவரை வந்தது. சிவப்பு, நீலம், அந்தக் கண்ணாடித்தாள்.

"தெரியல பாய்" என்றேன்.

சொல்லிவிட்டு, டின்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்தேன். "அட, மழை வந்தா என்ன சார் பண்றது?" என்று பாய் பின்னாலிருந்து கத்தினார். திரும்பாமல் நடந்தேன்.

அவர் அதை மறுபடி உள்ளே எடுத்து வைத்திருப்பார். நாளைக்கும் போவேன், நாளைக்கும் வெளியே தூக்கி வைப்பேன். ஏன் என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். நீ விட்டுப்போனதில் என்னால் காப்பாற்றி வைத்துக்கொள்ள முடிந்தது இவ்வளவுதான், மாப்ளே.