என் மூஞ்சி ஸ்டிக்கர்

புதன்கிழமை. ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சு ஒரு வாரம்.

தபசுக் கூட்டத்தில் அலைஞ்ச அலுப்பில் வாயைத் திறந்து தூங்கிட்டேன். அதை மாடியில இருக்கிற என் ஓரகத்தி, வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிட்டா. வீட்டு குரூப்பில் யார் எதுக்குச் சிரிச்சாலும் என் மூஞ்சிதான் வருது. எங்க வீட்டுக்காரரும் போடுதாரு.

இன்னைக்கு மூக்கு டாக்டரிடம் போனேன். "உள்ள எலும்பு வளைஞ்சிருக்கும்மா. அதான் தூங்கும்போது வாயால மூச்சு விடுதீங்க. மூக்கு வழியா மூச்சு போனாத்தான் தூசி அங்கேயே தங்கும், காத்து ஈரமாகும். வாயால இழுத்தா அப்படியே நெஞ்சுக்குப் போயிரும்"னாரு. வறட்டு இருமலும் அதனாலதானாம். என் சீக்கை வச்சாடி சிரிச்சே?

சாயங்காலம் ஓரகத்தி மக என் மடியில் தூங்கிட்டா. ஆறு வயசுப் பிள்ளை. வாய் ஆன்னு திறந்து கிடந்தது. கை தன்னால போனுக்குப் போச்சு. போட்டோ எடுத்தேன். இதைக் குரூப்பில் போட்டா ஓரகத்தி மூஞ்சி போற போக்கை நினைக்கவே இனிச்சது.

அப்பப் பிள்ளை முழிச்சு, "சித்தி, தண்ணி தா. நாக்கு ஒட்டுது"ன்னா. ராத்திரி ராத்திரி எனக்கும் அப்படித்தான் ஒட்டும்.

போட்டோவை அழிச்சிட்டேன். ஓரகத்தியை விட்டுட்டேன்னு அர்த்தமில்லை. மாடிக்குப் போய், "அக்கா, நாளைக்குப் பிள்ளையை அந்த டாக்டர்ட்ட காட்டணும். நானும் வாரேன்"னேன்.

"எம்பிள்ளைக்கு என்னட்டி?"

"என்னைய மாதிரியே தூங்குதா."

அவ சிரிக்கல.

நாளைக்கு டாக்டர் சொல்லச் சொல்ல நான் அவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருப்பேன். போன் வீட்டிலேயே கிடக்கட்டும். கண்ணு போதும்.