கிடை மேய்ந்த உளுந்து

மார்கழி 18, செவ்வாய்

பனி. மழை இல்லை. ரெண்டு ஏக்கர் உளுந்தும் சருகு. வறட்சி நிவாரணத்துக்குப் பயிரைப் பார்க்க இன்று வருவதாக வி.ஏ.ஓ. சொல்லியிருந்தார். பொழுது சாயும் வரை நானும் வீட்டுக்காரரும் பிஞ்சைக் காட்டில் காவல். யாரும் வரவில்லை. போன வாரமும் இதே கதைதான்.

பணம் வந்தால் மாசியில் எள் விதைக்கலாம். வராவிட்டால் நான் பட்டாசுக் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். பக்கத்து அறை வெடித்த அன்று செருப்பைக்கூட எடுக்காமல் ஓடி வந்தவள். இனி அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை என்று அவரிடம் சொல்லியாயிற்று.

வாங்க: சீயக்காய், டார்ச் பேட்டரி, அவருக்கு இருமல் மருந்து.

மார்கழி 20, வியாழன்

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நேற்று மல்லாங்கிணறு போனேன். இன்று திரும்பினால் பிஞ்சையில் ஒரு செடி இல்லை! வெறும் கரிசல், ஆட்டுப்புழுக்கை. உரத்துக்காக ராத்திரி ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார் இந்த மனுசன். மந்தை முழுக்க உள்ளே.

"வருசத்துக்கு ஒருக்காத்தான் கிடைக்காரவுக இந்தப் பக்கம் வாராக. விட்டா மாரியப்பன் பிஞ்சையில போட்டுருவாக. காஞ்ச செடிய வச்சு என்ன செய்ய? மண்ணுக்காவது ஒரம் கெடைக்கட்டும்."

"ஆபீசர் வந்து என்னத்தப் பாப்பாரு?"

அப்போதுதான் முகம் மாறியது. "அவுகதான் வரவே இல்லையே புள்ள" என்றார்.

அதுவும் உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிகிறது. சோறு மட்டும் போட்டேன்.

மார்கழி 21, வெள்ளி

இன்று வந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல். வி.ஏ.ஓ.வும் வேளாண்மை ஆபீஸ் அம்மாவும்.

"பயிர் எங்கம்மா?"

"ஆடு மேஞ்சிருச்சு சார்."

"ஆடு மேஞ்சதுக்கெல்லாம் நிவாரணம் கெடையாதும்மா. காஞ்சதுக்குத்தான்."

"காஞ்சதத்தான சார் மேஞ்சது!"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு. வெறும் மண்ணை செல்போனில் படம் எடுத்தார்கள். தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் வரப்பில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேச வேண்டாமா?

மார்கழி 22, சனி

பக்கத்துப் பிஞ்சை மாரியப்பனிடம் போனேன். உளுந்து காய்ந்து நின்றதைத் தினமும் பார்த்தவர். சாட்சிக் கையெழுத்து கேட்டேன்.

"நெசந்தான் மதினி. எம்புட்டு நாளு பாத்திருக்கேன். ஆனா கையெழுத்து மட்டும் கேக்காதீக. எனக்கு எழுதுன நிவாரணத்தையும் சேத்து நிறுத்திப்புட்டா?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

வி.ஏ.ஓ. ஆபீசில்: "மேல அனுப்பியாச்சும்மா, இனி ஒண்ணும் பண்ண முடியாது." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சீயக்காய் வாங்க மறந்தேன்.

மார்கழி 24, திங்கள்

நல்ல பனி. கம்பெனி ஃபோர்மேனிடம் நேற்றே சொல்லியாகிவிட்டது. "வாங்கக்கா, ஆள் இல்லாமத்தான் கெடக்கோம்" என்றான். அதே அறை வரிசைதானாம். அழுகையாக வருகிறது, ஆத்திரமாகவும் வருகிறது.

தூக்குவாளியில் சோறு கட்டினேன். இவர் வாசலில் நின்றார். கம்பெனி வேலையில் இருந்த அத்தனை வருசத்தில் ஒருநாளும் கேட்காததை இன்று கேட்டார். "சாயங்காலம் வந்துருவேல்ல?"

கோபம் அப்படியேதான் இருந்தது. "வருவேன்" என்று சொன்னேன்.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.