இடது காதின் விசில்

நாள் 212, காலை
செவ்வாய் நிலையம். இங்கே நான் ஒருத்திதான்: ஹெலன் செல்வமலர், பாறை ஆய்வாளர். காற்று சரி. உணவுக்கான பாசித் தொட்டி சரி. இடது காதின் கேட்கும் கருவி ஓயாமல் விசிலடிக்கிறது. காதுக்குள் பொருத்தும் அச்சின் துளையில் மஞ்சள் அழுக்கு. குண்டூசியால் சுரண்டினேன். என் அழுக்கே எனக்குக் குமட்டியது.

நாள் 213, மதியம்
சுத்தம் செய்தும் விசில். கருவி பெருக்கி அனுப்பும் ஒலி அச்சின் ஓரமாகக் கசிந்து வெளியே வருகிறது. மைக் அதையே மறுபடி பிடிக்க, கருவி மறுபடி பெருக்குகிறது. அந்தச் சுற்றுதான் விசில். அழுக்கு அடைத்தால் வரும். அச்சு தளர்ந்தாலும் வரும்.
பூமியிலிருந்து இயக்குநர் சபாபதி: "வால்யூமைக் குறைச்சுக்கங்க மேடம். சின்ன விஷயம்."
அந்த வழவழத்த குரலைக் கேட்டாலே கை கழுவத் தோன்றுகிறது.

நாள் 215, காலை
அச்சு காதுக்குள் ஆடுகிறது. அது சுருங்கவில்லை, நான்தான் இளைத்திருக்கிறேன். கண்ணாடியில் கன்னம் ஒட்டி, காதோரம் எலும்பு தெரிகிறது. எடைக் கருவியோ வந்த நாளின் எடையையே காட்டுகிறது. ஆக்சிஜன் உருளையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். எண் அசையவில்லை. பூமியிலிருந்து எவனோ அதை நிறுத்தி வைத்திருக்கிறான்.

நாள் 216, மாலை
பூமியிலிருந்து மருத்துவர் நாச்சம்மை, தனி அலைவரிசையில்: "ஹெலன், அந்தப் பாசி கெட்டுப்போச்சு. எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டாது. எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும். சொன்னா திட்டமே நின்னுடும்னு சபாபதி எங்க வாயை அடைச்சுட்டாரு. மன்னிச்சிடும்மா."
தட்டில் பச்சைக் கூழ். வாந்தி எடுத்தேன். அதுவும் பச்சை.

நாள் 217, காலை
அடுத்த குழு வந்துகொண்டிருக்கிறது, ஆறு பேர். இறங்கிவிட்டால் திரும்பிப் போக எரிபொருள் தயாரிக்க ஓராண்டு ஆகும். அதுவரை இந்தத் தொட்டிதான் அவர்களுக்குச் சோறு. இறங்காமல் செவ்வாயைச் சுற்றித் திரும்பினால் கப்பலின் உணவுக் கையிருப்பு போதும். சபாபதியைக் கேட்காமல் கப்பலுக்கே எல்லாவற்றையும் சொன்னேன்.
கப்பல் தலைவி தில்ஷாத்: "அக்கா, உங்களை விட்டுட்டு எப்படிப் போறது?"
என் பதில்: "உங்க ஆறு பேர் எலும்பையும் நான் பார்க்கணுமா? திரும்புங்க."

நாள் 221
கப்பல் கடந்து போய்விட்டது. தில்ஷாத் கடைசிவரை அழுதாள்.
சபாபதி: "உங்க பேரை ஒரு பள்ளத்தாக்குக்கு வைக்கப்போறோம் மேடம். சந்தோஷமாப் பேசி ஒரு பதிவு அனுப்புங்களேன்."
என் பதில்: "என் பேரை உங்க வாயால சொல்லாதீங்க."
ரேடியோவை அணைத்தேன். தொட்டியைத் திறந்து கூழ் முழுவதையும் வெளியே மணலில் கொட்டினேன். வாயில் இருந்த அந்த வழவழப்பு போய்விட்டது. பசிக்கிறது. இங்கே பசி ஒன்றுதான் சுத்தமாக இருக்கிறது.