நான் மீனாகப் படுத்த கணக்கு வகுப்பு

மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று பள்ளி ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, நீ செய்த மீன் தலையை மாட்டிப் பார்த்தேன். மாட்டியது சரி, கழற்ற வரவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஹெச்.எம். மேடம், "ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இந்நேரம் கடலூர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

தலைக்குள் அதே புளியங்கொட்டைப் பசை வாசனை. ஆண்டு விழாவுக்காக, திருத்தி முடித்த விடைத்தாள்களைக் கிழித்து நீ ஒட்டிய தலையாயிற்றே.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கலைக்குழுவின் சார்பில் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வருவாய். நீ நாடகக்காரன், நான் கணக்கு வாத்தியார். சேர்ந்து பாடம் நடத்த வேண்டும். பின்னத்தை நடித்தே காட்டலாம் என்றாய். தேவனாம்பட்டினத்து மீனவப் பிள்ளைகள் படகுக்காரர்கள் ஆனார்கள். தொப்பையை உத்தேசித்து என்னை மீனாக்கி மேசைமேல் படுக்க வைத்தாய். வாயே திறக்காத செல்வி என் சட்டையில் சாக்பீஸால் கோடு கிழித்தாள். "படகுக்குப் பாதி போயிடும். மிச்சத்த அஞ்சு பேரு பிரிச்சிக்கணும். அப்ப எங்கப்பாவுக்குப் பத்துல ஒண்ணு. அசையாதீங்க சார், பங்கு கொறையுது!"

நாடகத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு வைக்கச் சொன்னது குழு. மார்க் ஏறினால்தான் அடுத்த வருடமும் நீ வரலாம். உன்மேல் இருந்த பாசத்தில் ஒரு தில்லுமுல்லு செய்தேன். முதல் தேர்வுக்குக் கஷ்டமான வினாத்தாள், இரண்டாவதற்குச் சுலபமானது. எந்தக் கவரில் எது என்று மேலே எழுதக்கூடச் சோம்பல். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி வகுப்புத் தலைவியிடம் சொல்லிவிட்டு, இரண்டு தடவையும் டீ குடிக்கப் போய்விட்டேன். திருத்தியது குழுவினர், எனக்கு வந்தது மார்க் பட்டியல் மட்டும். முதலில் பாதிப் பேர் பெயில். பிறகு எல்லோரும் பாஸ்.

ஆண்டு விழாவில் கைதட்டல் முழுக்க உனக்கே. மறுநாள் உன்னைப் பார்க்க வந்தபோது, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "இத்தினி வருஷமா போர்டுல போட்டும் உன்னால முடியல. என் கூத்து சொல்லிக் குடுத்துடுச்சி பாத்தியா மச்சான்?" என்று சிரித்தாய். எனக்குச் சுருக்கென்றது.

"கூத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெண்டாவது பேப்பர நான்தான் ஈஸியா போட்டேன்."

"நெசமாவா?" என்றாய். பாதி டீ அப்படியே இருந்தது.

அடுத்த வெள்ளி நீ வரவில்லை. "புள்ளைங்க நேரத்த வீணாக்கிட்டேன்" என்று குழுவிடம் சொல்லி விலகிவிட்டாயாம். ஆறு மாதத்தில் மாரடைப்பு. சாவு வீட்டில் உன் மனைவி, "பொய்யா வாங்குன கைதட்டல்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு அண்ணே. என்னா அது?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

இன்றும் பின்னம் நடத்தும் நாளில் மேசைமேல் படுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் என்னைப் பங்கு போடுகிறார்கள். உன்னிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நேற்று மேடம் போனபின் தலையைப் பிடித்து இழுத்ததில் உள்பக்கத் தாள் ஒன்று உரிந்து வந்தது. செல்வியின் கையெழுத்து. மேலே 'இரண்டாம் தேர்வு' என்று இருந்தது. கீழே அவள் சரியாகப் போட்டிருந்தது, கஷ்டமான வினாத்தாளின் ஐந்தாவது கணக்கு.