இந்த முறை மண்சோறு இரண்டு பேருக்கு

என் உயிரோடு ஒட்டிக் கிடக்கிற கன்னியம்மா அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன்னிடம் பேசுவதை நான் விடவில்லை. அடுப்படியிலும் கழனியிலும் பேசுவதை இன்றைக்கு எழுத்தில் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்துதான், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி தேவியை உனக்குத் தெரியும். உன் மடியில் மூத்திரம் போன குட்டிதான். இப்போது தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் உலை முன்னால் நிற்கிற சுரேஷுக்குக் கட்டிக்கொடுத்து நாலு வருஷமாகிறது. இன்னும் ஒன்றும் தங்கவில்லை.

மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று அவள் மாமியார் பக்கத்து வீட்டில் பேசியது என் காதுக்கு வந்தது. வந்ததும் எனக்கு அந்த மதியம்தான் ஞாபகம். உன் புருஷன் உன்னை மாட்டுவண்டியில் கொண்டுவந்து நம்மைப் பெற்ற நைனா முன்னால் இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனானே, அந்த மதியம். அவன் இரண்டாவது கட்டியவளும் பெறவில்லை. அப்போதும் ஊர் அவளைத்தான் குறை சொன்னது. அவன் செத்த சேதி வந்தபோது நான் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைக்கவில்லை.

அதனால் தேவியை வைத்தியத்துக்கு நானே கூட்டிக்கொண்டு அலைந்தேன். வேப்பம்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், பிள்ளை இல்லாதவர்களுக்கு இலவச முகாம் என்றார்கள். மண்டபம் பிடித்து, மைக் வைத்து, காபி கொடுத்து ஒருவன் நம்மை எதற்காகக் கூப்பிடுவான்? சுவர் முழுக்கச் செக்கச்செவேலென்று குழந்தைப் படங்கள். மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன், "இதுல ஒண்ணாவது நம்ம பக்கத்துப் புள்ள மாரி இருக்குதாம்மா?" அவள் சிரித்துவிட்டு தேவியின் வயதைக் கேட்டாள், மாதவிலக்கைக் கேட்டாள், உடனே டெஸ்ட் டியூபுக்கு நாள் குறித்துவிடலாம் என்றாள். வயிற்றில் ஒரு கை வைத்துப் பார்க்காமலே நாளா? தேவியை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு தனியார் டாக்டரிடம் ஊசி. மாதக்கணக்கில் ஊசி. தேவியின் உடம்பு உப்பியதுதான் மிச்சம்.

கடைசியில் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரி. அங்கேயும் எனக்கு நம்பிக்கையில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் எங்கே என்றாள். லீவு கிடைக்கவில்லை என்றாள் தேவி. அவரைப் பார்க்காமல் உனக்கு மேற்கொண்டு ஒரு மாத்திரையும் எழுதமாட்டேன் என்று அனுப்பிவிட்டாள். தட்டிக்கழிக்கிறாள் என்றுதான் நினைத்தேன், வெளியே வந்து முணுமுணுத்தேன்.

பெஞ்சில் ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். அவள் என் பக்கம் திரும்பினாள். "எனுக்கு ஊசியா போட்டுக்கினு இருந்தாங்க ஆயா. கடசீல பாத்தா கொற இவருகிட்ட. இப்ப இவருதான் மாத்திர சாப்புட்றாரு." அந்த ஆள் தலையைக்கூடக் குனியவில்லை. ஆமாம் ஆயா, ஒரே கசப்பு என்றான். ஓர் ஆண்பிள்ளை வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. நீ கேட்டிருக்கிறாயா அக்கா?

அன்றிலிருந்து என் சந்தேகமெல்லாம் சுரேஷ் மேல் திரும்பியது. ஆஸ்பத்திரி என்றால் லீவு இல்லை. கூட வேலை செய்கிறவன் வீட்டுக் காதுகுத்துக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? வேறு யாராவது இருக்கிறாளா என்றுகூட நினைத்தேன். தேவி, சும்மா இரு ஆயா, அவருக்கு வேலை ஜாஸ்தி என்றாள். நீயும் இப்படித்தான் உன் புருஷனுக்குப் பரிந்து பேசினாய்.

ஆடி பிறந்தது. தேவி மண்சோறு சாப்பிட வேண்டும் என்று மாமியார் நேர்ந்துகொண்டாள். நீ சாப்பிட்ட அதே அம்மன் கோயில்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறுந்தரையில் போட்ட சோற்றை நீ குனிந்து வாயால் எடுத்தபோது உன் புருஷன் வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். தேவி உட்கார்ந்தாள். சுரேஷ் தூண் பக்கம் போன் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. பூசாரியிடம், பக்கத்தில் இன்னொரு கை சோறு போடுங்கள் என்றேன்.

"இன்னா அத்த இது, ஆம்பளையப் போயி மண்ணுல உக்கார வெப்பாங்களா?" என்றாள் மாமியார்.

"புள்ள உம் மவனுக்கும்தானம்மா வோணும்? வரம் கேக்கறவன் வந்து குந்தட்டும்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சுரேஷ் சிரிக்கவில்லை. வந்து உட்கார்ந்தான், கையைப் பின்னால் கட்டினான், குனிந்தான். வாய் சோற்றில் படவில்லை. குனிந்தபடியே சொன்னான்.

"அவ சாப்புட வோணாம்மா. கொற எங்கிட்டதான் கீது. நான் தனியா போயி டெஸ்ட் எடுத்துக்கினேன்."

தேவி நிமிர்ந்து, எப்போது என்று கேட்டாள். பொங்கலுக்கு முன்னாடி என்றான்.

"அப்போ அதுக்கப்புறம் நான் போட்டுக்கின ஊசியெல்லாம்?"

தேவி எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ் ஏறப் போய்விட்டாள்.

மில்லில் தெரிந்தால் கேலி பேசுவார்கள், அம்மா உயிரை விட்டுவிடுவாள் என்று பயந்தானாம். அழுதான். எனக்கு இரக்கம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் பயத்துக்கு என் பேத்தியின் உடம்பா கிடைத்தது?

போன வாரம் இரண்டு பேரும் திருவள்ளூர் போனார்கள். உலைச் சூடும் ஒரு காரணமாக இருக்கலாம், வேலை இடத்தை மாற்றிக்கொண்டு மாத்திரை சாப்பிடட்டும், சில மாதம் பார்ப்போம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாளாம் டாக்டரம்மா. உறுதி சொல்லாததால்தான் அவளைக் கொஞ்சம் நம்புகிறேன். வேறு செக்‌ஷன் கேட்டிருக்கிறான், பார்க்கலாம் என்கிறார்களாம். 'பார்க்கலாம்' என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மாமியார் இப்போது கண்ணேறு என்கிறாள், யார் கண் என்று என்னையே பார்த்துக் கேட்கிறாள். தேவி அவனோடு சரியாகப் பேசுவதில்லை. பேசு என்று நானும் சொல்லவில்லை.

உன்னிடம் குறை இருந்ததா என்று யாருமே பார்க்கவில்லை அக்கா. பார்க்காமலே பேர் வைத்தார்கள், அந்தப் பேரோடே உன்னை எரித்தார்கள்.

தேவிக்குப் பிள்ளை பிறக்கும் என்று உனக்கு நான் வாக்குத் தர முடியாது. அந்த வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பதை அவள் சொல்வாள், வேறு எந்த வாயையும் சொல்லவிடமாட்டேன். அடுத்த மாதம் அவர்களோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். முதலில் அவன் பேரை அவர்கள் கூப்பிட்டு, அவன் உள்ளே போகும்வரை அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் பின்னால் பிறந்து, உனக்காக எதையும் மறக்காத
தங்கச்சி அஞ்சலை